அவிழ்த்துப் பின்னிய நூல்: தில்லிக் குளிரும் நம் குழந்தைகளின் ஸ்வெட்டரும்

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, சீவக சிந்தாமணியைப் பற்றியோ மேல்சித்தாமூர் மடத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். பல வருஷமாக அதைத்தானே எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்து வருகிறேன்! இந்தத் தடவை ஒரு மாறுதலுக்காகக் குழந்தையின் ஸ்வெட்டரைப் பற்றி எழுதுகிறேன். ஸ்வெட்டருக்கு என்ன சரித்திரம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரசர்களின் சரித்திரத்தைவிட நம் வீட்டுக்கு நெருக்கமான சரித்திரம்.

அடியேன் சதர் பஜாரில் நாற்பது வருஷமாகத் திருப்பூர் பனியன் மொத்த வியாபாரம் செய்கிறவன். தீபாவளி முடிந்ததும் பனியன் வியாபாரம் படுத்துவிடும். அந்த மூன்று மாதமும் லூதியானா ஸ்வெட்டரும் கம்பளி நூலும்தான் கடைக்குச் சோறு போடும். பனியனும் ஸ்வெட்டரும் பார்க்க வேறு வேறு என்றாலும் பிறப்பால் உடன்பிறப்புகள். இரண்டுமே நெய்த துணி கிடையாது. ஒரே நூலை வளைத்து வளைத்துக் கண்ணிக்குள் கண்ணி கோத்துப் பின்னியவை. இதனால்தான் தமிழில் இரண்டுக்கும் 'பின்னலாடை' என்றே பெயர் வைத்தார்கள்.

இந்தப் பின்னலாடை நம்மைப் போன்ற தில்லித் தமிழர் வீட்டுத் தொட்டிலுக்கு எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். ஊரை விட்டு வந்தவர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்துக்கொண்டே வந்த பொருள் இது என்று தெரிந்தது. அதை எழுதி வைக்க எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

நமக்குப் பனி தெரியும், பின்னல் தெரியாது

ஆறு பெரும்பொழுதில் முன்பனிக்கும் பின்பனிக்கும் இடம் கொடுத்தவர்கள் நாம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் வாடைக் காற்றுக்கு நடுங்கும் கோவலர் கைகளை நெருப்பில் காய்ச்சிக் கொள்கிறார்கள். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வை கொடுத்த பேகன் நம் கடையெழு வள்ளல்களில் ஒருவன். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரில் பட்டு நூல், பருத்தி நூலோடு மயிரிலும் நெய்யும் காருகர் இருந்ததைச் சொல்கிறது. திருத்தக்கதேவரோ சீவக சிந்தாமணியில் செவ்வெலியின் மயிரால் ஆன கம்பலத்தையே காட்டுகிறார். (பாருங்கள், சிந்தாமணி இல்லாமல் என்னால் ஒரு கட்டுரை எழுத முடியவில்லை!) எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் குறும்பர்கள் ஆடு மேய்த்து, அதன் மயிரைக் கத்தரித்து, நூற்று, கறுப்புக் கம்பளி நெய்வதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இவை எல்லாம் நெய்தவை. போர்வை என்பது போர்த்துவது. பெரியவர்கள் இழுத்து மூடிக்கொள்ளலாம். கையைக் காலை உதைக்கும் ஐந்து மாதக் குழந்தை மேல் போர்வை எவ்வளவு நேரம் நிற்கும்? குழந்தையின் உடம்போடு ஒட்டி, அது நெளியும்போது தானும் நெளிந்து கொடுக்கிற உடை வேண்டும். நம் ஊர்க் குளிருக்கு அப்படி ஒன்று தேவைப்படவில்லை. ஆகையால் நம் பாட்டிமார் அதைக் கற்கவும் இல்லை.

எகிப்துக் குழந்தையின் இடது கால்

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு குழந்தையின் காலுறை இருக்கிறது. ரோமப் பேரரசன் ஹாட்ரியன் கி.பி. 130இல் எகிப்தில் நிறுவிய அண்டினோபொலிஸ் நகரத்தின் குப்பைமேட்டில், 1913-14இல் நடந்த அகழாய்வில் கிடைத்தது. சுமார் 1,700 வருஷத்துக்கு முந்தையது. இடது காலுக்கு உரியது. செருப்பின் வார் நுழைவதற்காகக் கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஓர் அறை. முழுக்கக் கம்பளி, கோடு கோடாகப் பல வண்ணம். சிவப்பு, நீலம், மஞ்சள் தரும் மூன்றே தாவரச் சாயங்களைக் கலந்து ஏழு வண்ணம் எடுத்திருக்கிறார்கள் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கண்டது.

அந்தப் படத்தை என் மனைவியிடம் காட்டி, "இவ்வளவு சின்னக் காலுறைக்கு எதுக்கு இத்தனை நிறம்?" என்று கேட்டேன். "மிச்ச நூலா இருக்கும். குழந்தைக்குப் புதுசா யார் வாங்குவா, வளர்ந்துடுமே!" என்றாள். நான் படித்த புத்தகங்களில் இந்த விளக்கம் இல்லை. இருந்தாலும் எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

அந்தக் காலுறை ஒற்றை ஊசியால் முடிச்சுக் கோத்துச் செய்யும் பழைய முறையில் ஆனது. இரண்டு ஊசி வைத்துப் பின்னும் இன்றைய முறைக்கு மிகப் பழைய சான்றுகளும் எகிப்தில்தான் கிடைத்துள்ளன. அவை பருத்தி நூலில் பின்னிய காலுறைகள். 700 முதல் 1,000 வருஷப் பழமை கொண்டவை. பிறகு இந்தக் கலை ஐரோப்பாவுக்குப் போனது. லண்டன் மண்ணிலிருந்து எடுத்த 16ஆம் நூற்றாண்டுப் பின்னல்களில் குழந்தையின் கையுறையும் உண்டு. 1589இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் என்று சொல்லி எலிசபெத் ராணி அதற்குத் தனியுரிமை தர மறுத்ததாகக் கூறுவார்கள். ராணி மறுத்தாலும் இயந்திரம் நிற்கவில்லை. அந்த இயந்திரத்தின் வழித்தோன்றல்கள்தாம் லூதியானாவிலும் 1920களில் திருப்பூரிலும் வந்து இறங்கின.

ஒரு போர், மூன்று சொற்கள்

குழந்தை ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள் 'ரேக்லான் கை' என்பார்கள். தோளில் மூட்டு இல்லாமல், கழுத்திலிருந்து சரிவாக இறங்கும் கை. முன்பக்கம் பொத்தான் வைத்தால் 'கார்டிகன்'. முகம் மட்டும் தெரியும்படி தலையையும் காதையும் கழுத்தையும் மூடும் குல்லாவுக்கு 'பாலக்ளாவா' என்று பெயர். நாமும் வங்காளிகளும் அதை 'மங்கி கேப்' ஆக்கிவிட்டோம். மூன்று பெயரும் 1853-56 கிரிமியப் போரைச் சேர்ந்தவை. ரேக்லான் பிரபு பிரிட்டிஷ் படைத்தலைவர். வாட்டர்லூ போரில் ஒரு கையை இழந்தவர். கார்டிகன் பிரபு குதிரைப்படைத் தளபதி. பாலக்ளாவா 1854இல் அவர்கள் போரிட்ட ஊர். பச்சைக் குழந்தை போடும் உடுப்பில் இத்தனை போர்க்களம்!

1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் மேரி ராணி, போர்முனைக்கு மூன்று லட்சம் ஜோடிக் காலுறை வேண்டும் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டார். நம் நாட்டிலும் 1962இல் சீனப் போரின்போது, பனிமலையில் போதிய கம்பளியின்றி நிற்கும் ஜவான்களுக்காக வீட்டுக்கு வீடு ஸ்வெட்டர் பின்னினார்கள். எனக்கு மூத்த தலைமுறைத் தில்லித் தமிழ் மாமிகள், "ஊசி பிடிக்கக் கத்துண்டதே அந்த வருஷந்தான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

லூதியானா வந்த கதை

1833இல் காஷ்மீரில் கடும் பஞ்சம். சால்வை நெய்யும் குடும்பங்கள் பல, பிழைப்புத் தேடிப் பஞ்சாபுக்கு இறங்கின. அமிர்தசரசிலும் லூதியானாவிலும் தறி போட்டார்கள். அவர்கள் சால்வைக்குப் பெரிய சந்தை பிரான்ஸ். 1870-71இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதிய போரில் அந்தச் சந்தை விழுந்தது. ஆனால் கம்பளி தெரிந்த கைகள் ஊரிலேயே இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காலுறை பின்னும் சிறு இயந்திரங்கள் லூதியானாவுக்கு வந்தன. உலகப்போரில் பட்டாளத்துக்கு வேண்டிய காலுறையும் ஸ்வெட்டரும் அந்தத் தொழிலை நிலைநிறுத்தின. இதற்கு முன்பே, 1876இல் கான்பூரில் தொடங்கிய 'லால் இம்லி' ஆலையும் பஞ்சாபில் தாரிவால் ஆலையும் கம்பளிக்குப் பேர்போனவை. இன்று லால் இம்லியின் மணிக்கூண்டு நிற்கிறது, உள்ளே தறிகள் நின்றுவிட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு லூதியானாவின் கம்பளி நூல் தொழிலில் முன்னுக்கு வந்தவர்களில் ஓஸ்வால் ஜைனக் குடும்பங்கள் முக்கியமானவை. ஓஸ்வால் கம்பளி ஆலை 1949இல் தொடங்கியது. 1960களில் வந்த 'வர்த்தமான்' நிறுவனத்தின் பெயர் மகாவீரரின் இயற்பெயர் என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? நூல் லச்சியின் லேபிளில் அந்தப் பெயரை முதன்முதலில் பார்த்தபோது, சொந்த ஊர்க்காரரைச் சந்தித்தது போல இருந்தது.

மதராசி குமாஸ்தாவும் லயல்பூர் மாஜியும்

1911 டிசம்பர் 12 தர்பாரில் தலைநகர் தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். புதுதில்லி 1931இல் திறக்கப்பட்டது. இங்கிலீஷும் கணக்கும் தெரிந்த நம்மவர்கள் சர்க்கார் உத்தியோகத்துக்கு ரயிலேறினார்கள். 1923லேயே இங்கே நமக்கொரு பள்ளிக்கூடம் தொடங்கும் அளவுக்குக் குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. கோடையில் சிம்லா, குளிரில் தில்லி என்று அலுவலகங்களோடு அலைந்தவர்களும் உண்டு. 1935 ஜனவரி 16 அன்று சப்தர்ஜங்கில் பதிவான வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 0.6 டிகிரி. ஓட்டு வீட்டையும் வேட்டியையும் மட்டுமே அறிந்த தஞ்சாவூர்க் குடும்பம் அந்த ராத்திரியை எப்படிக் கழித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து 1947. தேசப் பிரிவினையில் எல்லாம் விட்டு ஓடிவந்த சுமார் 5 லட்சம் பேர் தில்லியில் குடியேறியதாக 1951 ஜனத்தொகைக் கணக்கு சொல்கிறது. அகதிப் பெண்கள் பிழைக்கத் தையலும் பின்னலும் கற்பிக்கும் நிலையங்கள் தொடங்கின. கரோல்பாக், படேல்நகர், லாஜ்பத்நகர் என்று அவர்கள் வீடு கட்டிய இடங்களில்தான் நாமும் வாடகைக்குக் குடிபோனோம். மாடியில் நாம், கீழே வீட்டுக்காரப் பஞ்சாபி மாஜி. நாம் அவர்களுக்கு இட்லி கொடுத்தோம்; அவர்கள் நமக்கு சலாயி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் 'சீதா, உல்டா, ஃபந்தா' என்ற சொற்கள் அப்படி நுழைந்தவை. 1960, 70, 80களில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சர்க்கார் அலுவலகப் புல்வெளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெயிலில் வட்டமாக உட்கார்ந்து, வேர்க்கடலைத் தோலுக்கு நடுவே, பேச்சு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது

நான் தில்லிக்கு வந்தது 1982. மூத்த மகள் பிறந்தது 1986 ஆகஸ்டில். அந்தக் குளிர்காலத்துக்குப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். ஜனவரியில் ஒரு காலை. வெளியே கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. அம்மா எப்போதும் போலக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, மெல்லிய பழந்துணிச் சட்டை போட்டுத் தூளியில் விட்டார். எங்கள் ஊரில் ஏழு குழந்தைகளை வளர்த்த கை அது. வந்தவாசியில் அந்த முறையில் ஒரு குறையும் இல்லை. தில்லி ஜனவரியில் அது பொருந்தாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்று கடையில் ஐந்நூறு ஸ்வெட்டர் அடுக்கி வைத்திருந்தேன். என் குழந்தைக்கு ஒன்று இல்லை. வியாபாரச் சரக்கில் கைவைக்கக் கூடாது என்பது என் தகப்பனார் சொன்ன விதி. அதை எங்கே தளர்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குக் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூத்தன. அழுகை நின்றுவிட்டது. என் மனைவி போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு மாஜி ஓடிவந்தார். "அரே, க்யா கர் தியா!" என்ற ஒரு சொல்தான். குழந்தையின் சட்டையைக் கழற்றித் தன் சால்வைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு, அப்படியே ஆட்டோவில் ஏறினார். நிமோனியா என்றார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார்: பச்சைக் குழந்தை பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. அதன் தலை மட்டுமே உடம்புப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தலையைத் திறந்து விட்டால் சூடு அவ்வழியே போய்விடும். அம்மா ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தி அவருக்குத் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார்.

அந்த ஆறு ராத்திரியில் மாஜி ஒரு ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னி முடித்தார். பழுப்பு, கடுகு நிறம், பச்சை என்று கோடு கோடாக. தன் வீட்டுப் பழைய ஸ்வெட்டர்களை அவிழ்த்து எடுத்த சுத்தக் கம்பளி நூல். "புது நூல் குத்தும், துவைத்துத் துவைத்து மென்மையான நூல்தான் குழந்தைக்கு நல்லது" என்றார். பிறந்த குழந்தைக்குப் பழந்துணியே முதலில் போடவேண்டும் என்று அம்மா சொல்வதும் இதுதானே! 1947 குளிரில் கிங்ஸ்வே முகாமில், தன் கைக்குழந்தைக்காகக் கணவரின் ஸ்வெட்டரை அவிழ்த்துப் பின்னியதை மாஜி அன்றுதான் சொன்னார். லயல்பூரிலிருந்து (இன்றைய ஃபைசலாபாத்) உடம்பில் இருந்த துணியோடு வந்தவர்கள். ஊசி கிடையாது, சைக்கிள் சக்கரத்துக் கம்பி இரண்டைத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டாராம்.

ஆனால் அம்மாவுக்கு இன்னொரு சங்கடம். எங்கள் திகம்பர வழக்கத்தில் கம்பளி உடுத்திக்கொண்டு பூஜைக்குப் போகமாட்டோம். "ஆட்டு மயிரை இந்தப் பச்சை மண்ணு மேல போடறதாப்பா?" என்றார். பட்டுக்குப் புழு சாகிறது, கம்பளிக்கு ஆடு சாகவேண்டியதில்லை, கத்தரித்த மயிர் மறுபடி வளர்கிறது என்று நான் படித்ததைச் சொன்னேன். சுவேதாம்பர முனிவர்கள் உயிர்களுக்கு ஊறு நேராமல் விலக்கப் பயன்படுத்தும் ரஜோஹரணமே கம்பளி நூலால் ஆனதுதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, ஜினாலயத்துக்குப் போகும்போது மட்டும் கழட்டிடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு அந்த ஸ்வெட்டரை அவரே கையால் துவைத்து, தொங்கவிடாமல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, கட்டிலில் விரித்துக் காயப் போட்டார். மாஜி சொல்லிக் கொடுத்த முறை. இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை.

அவிழ்த்தல் என்னும் கணக்கு

என் மனைவி மாஜியிடம் பாடம் கேட்டாள். ஒரு வயதுக் குழந்தைக்கு நாலு இழை நூலில் அடியில் சுமார் 75 கண்ணி; விளிம்புக்கு 12ஆம் நம்பர் ஊசி, உடம்புக்கு 10ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். குழந்தை ஸ்வெட்டருக்கு நூல் மொத்தம் 150 கிராமுக்குள் அடங்கும். கம்பளி இழையின் சுருளில் காற்று தங்கிச் சூட்டைக் காக்கும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் சட்டென்று நனைந்த உணர்வு தராது. ஈரம் பண்ணிக்கொண்டே இருக்கிற குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நெய்த துணியை வெட்டித் தைத்தால் அதோடு முடிந்தது. பின்னலில் கடைசிக் கண்ணியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் மறுபடி ஒரே நூலாகிவிடும். அவிழ்த்த நூல் சுருள் சுருளாக நிற்கும். முழங்கையிலும் கட்டைவிரலிலும் சுற்றி லச்சியாக்கி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நிழலில் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். குழந்தை வளர வளர, கொஞ்சம் புது நூல் சேர்த்து, அதே நூல் பெரிய ஸ்வெட்டராகும். குமாஸ்தா சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களில் மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிறகு காலம் மாறியது. குறைந்த விலைக்கு அக்ரிலிக் நூல் வந்தது. நாம் 'கேஷ்மிலான்' என்று சொன்னோமே, அதுதான். ஆயத்த ஸ்வெட்டர்கள் குவிந்தன. 1959க்குப் பின் அகதிகளாக வந்த திபெத்தியர்கள் லூதியானா சரக்கை வாங்கி, ஒவ்வொரு குளிர்காலமும் நாடெங்கும், நம் தமிழ்நாட்டு ஊர்கள் வரை கொண்டுபோய் விற்றார்கள். காஷ்மீர்த் தறிக்காரர், லயல்பூர் அகதி, திபெத்தியர், வந்தவாசி நயினார் என்று, ஊரை விட்டவர்கள் வரிசையாக இந்த நூலைப் பிடித்திருக்கிறோம். ஆயத்த உடைகளை விற்று நானும் பிழைத்தேன். புல்வெளிகளில் ஊசிகள் குறைந்ததற்கு என் கடையும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஏன் எழுதினேன்

மாஜியின் நூல் முதலில் என் மகளுக்கு. இரண்டு வருஷம் கழித்து அவிழ்த்து, நீல நூல் சேர்த்து, என் மகனுக்கு. போன குளிர்காலத்தில் மகனுக்குக் குழந்தை பிறந்ததும் என் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை வாசனையோடு அந்த ஸ்வெட்டர். ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நாலு வரிசை வந்தது. பிறகு நூல் அறுந்தது. இன்னோர் இடத்தில் இழுத்தாள். அங்கேயும் அறுந்தது. "இதுக்கு மேல அவுக்க முடியாதுங்க. இத்துப் போச்சு" என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பேரனுக்குப் புது நூலில்தான் பின்னினாள். நூல் என் கடையிலிருந்து. இந்த முறை சரக்கில் கைவைத்தேன்.

அம்மா இல்லை. மாஜியும் இல்லை. அவர் மகன்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இனி அந்த நூல் நம் ஞாபகத்தில் இருந்தால்தான் உண்டு. வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு சின்ன ஸ்வெட்டரோ குல்லாவோ இருக்கும். யார் பின்னியது, யாரிடம் கற்றது, எந்த வருஷம், எந்தக் குழந்தைக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள். எகிப்துக் குழந்தையின் காலுறைக்கு வயது சொல்ல அறிஞர்கள் வந்தார்கள். அதைப் பின்னிய தாயின் பெயரை யாராலும் சொல்ல முடியவில்லை.